கிராம சபையில் நான் சொன்ன பொய்

கண்ணு,

உன்ற கல்யாணப் பத்திரிகை என்ற கைக்கு வந்து சேர்ந்துச்சு. நீ அனுப்பலைன்னு தெரியும். மாப்பிள்ளை ஊட்டுக்காரங்க அதை அடிக்கக் குடுத்தது உக்கடத்து அச்சாபீஸ்ல. அது நம்ம சைக்கிள் கடை ராவுத்தரோட மச்சான் நடத்தறது. உன்ற பேரும் நம்ம ஊர் பேரும் இருக்கறதைப் பாத்துப்போட்டு அவரு ஒண்ணை எடுத்து ராவுத்தருக்கு அனுப்பியிருக்காரு. ராவுத்தர் கடையைப் பாதியில சாத்திப்போட்டு வந்து நின்னாரு. பத்திரிகையை என்ற கையில குடுக்காம அவரே புடிச்சுக்கிட்டு, ஒரு எடத்துல பெருவெரலை வெச்சு மறைச்சுக்கிட்டே படிச்சுக் காட்டினாரு. வெரலை எடுங்கன்னேன். உங்கம்மா பேருக்கு முன்னால தெய்வத்திருன்னு இருந்துச்சு. என்ற பேருக்கு முன்னாலயும் தெய்வத்திருன்னு இருந்துச்சு. உங்கம்மா போய்ச் சேர்ந்து அஞ்சு வருசம் ஆச்சு, அவளுக்கு அது சரி. நான் அன்னைக்கு வெடியால நாலு இட்லி தின்னுபோட்டு, களத்துக்குப் போய்க் கொப்பரை மூட்டைக்குக் கணக்குச் சொல்லிப்போட்டு வந்து உக்காந்திருந்தேன்.

ராவுத்தருக்கு என்னையப் பாக்கவே சங்கட்டம். அச்சுல தப்பு விழுந்துபோச்சுங்க, இன்னும் மாதிரிதான் அடிச்சிருக்காங்க, இப்பவே போன் போட்டு மாத்தச் சொல்லிப்போடறேன்னு கிளம்பினாரு. நான்தான் அவரு சட்டையைப் புடிச்சு நிறுத்தினேன். தப்பு ஒண்ணும் இல்லீங்க, அப்படியே அடிக்கட்டும்னேன். அவரு என்னைய ஒரு மாதிரி பாத்தாரு, பத்திரிகையை மடிச்சு என்ற சட்டைப்பையில வெச்சுப்போட்டுப் போயிட்டாரு.

மொதல்ல எனக்குக் கோவந்தான் வந்துச்சு, பொய் சொல்லல. பெத்தவன் உசிரோட இருக்கறப்பவே கருமாதி பண்ணிப்போட்டாளேன்னு பாத்திரத்தை எல்லாம் உருட்டினேன். பொழுது சாஞ்சு அடங்கினதுக்கு அப்பறந்தான் புத்திக்கு எட்டுச்சு. மாப்பிள்ளை காரமடைக்காரரு. பொண்ணு எடுக்கறதுக்கு முன்னால நாலு பெரியவங்க பொண்ணோட ஊருக்கு வந்து, டீக்கடையில உக்காந்து, அவங்க எப்படிப்பட்ட குடும்பமுங்கன்னு வெசாரிக்காம விடமாட்டாங்க. அப்பன் இருக்கான்னு தெரிஞ்சா அப்பனைப் பாக்க வருவாங்க. வந்தா ஊரே சேர்ந்து அந்தக் கதையைச் சொல்லும். அப்பனும் இல்ல, ஆத்தாளும் இல்ல, ஊர்ல யாருமே இல்லைன்னா எதுக்கு வரப்போறாங்க? நீ என்னையக் கொல்லலை சாமி. அவங்க இந்த ஊருக்கு வார வழியை அடைச்சிருக்கறே. அந்த வழியை அடைக்கற மாதிரி பண்ணினவன் நான். அதை உனக்கு ஒருக்காவாவது எழுதிப்போடோணும்னுதான் இந்தக் கடுதாசி.

நான் சீட்டாடினவன். அதை நீ சின்னதுலயே பாத்தே. பொள்ளாச்சியில மாடிமேல மனமகிழ் மன்றம்னு போர்டு போட்ட ஒரு கிளப்பு. அங்க போய் ரம்மி ஆடறதுக்கு நான் சொல்லாத சாக்கு இல்ல. உனக்குக் காய்ச்சல்னு சொல்லிக்கூட களத்துல லீவு வாங்கியிருக்கேன். உனக்கு நிச்சயம் வெச்ச அன்னைக்கு, மாப்பிள்ளை ஊட்டுக்காரங்க வந்து பாய்ல உக்காந்ததுக்கு அப்பறம் உங்கம்மா நகை டப்பாவைத் தொறந்தா உள்ள ஒண்ணுமில்ல. அதை மொத நாளே நான் கொண்டுபோய் ஆடிப்போட்டேன். நிச்சயத்துக்கு வரக்கூட மூஞ்சி இல்லாம, விட்டதைப் புடிச்சுப்போடலாம்னு அன்னைக்கும் அந்த மாடிமேலதான் உக்காந்திருந்தேன். வந்தவங்க காப்பிகூடக் குடிக்காம எந்திரிச்சாங்க. நீ மறுநா யார்கிட்டயும் பேசல. அதுக்கும் மறுநா பூச்சி மருந்தை எடுத்துக் குடிச்சுப்போட்டே.

நீ பொழச்சது உங்கம்மாவால. அவதான் உன்னைய டாக்ஸியில போட்டுக் கோயமுத்தூருக்குக் கொண்டு போனா. ஊர்ல கேட்டவங்களுக்கெல்லாம் மஞ்சக்காமாலைன்னு சொன்னா. ஜாதகம் ஒத்து வரலைன்னு நாங்கதான் அந்தச் சம்பந்தத்தை வேண்டாம்னுட்டோம்னு சொன்னா. கீழாநெல்லி அரைச்சுக் குடுங்கன்னு பக்கத்து ஊட்டு அம்மா சொன்னதைக் கேட்டு, நிசமாவே கீழாநெல்லி பறிச்சுக்கிட்டு வந்து வாசல்ல எல்லாரும் பாக்கற மாதிரி அரைச்சா. சாகற வரைக்கும் அவ வாயில இருந்து வேற வார்த்தை வரல. என்னையத் திட்டறதுக்குக்கூட அந்தப் பேச்சை அவ எடுத்ததில்ல. மூணு பேருக்கு மட்டும் தெரிஞ்ச விசயம் அது, அவ போனதுக்கு அப்பறம் ரெண்டு பேருக்குன்னு ஆச்சு.

அதுக்கப்பறம் நான் சீட்டைத் தொடல. நீயும் பால்வாடியில டீச்சர் வேலைக்குப் போனே. ஒரே ஊட்டுக்குள்ள இருந்தோம், சாப்பிடுங்க, போயிட்டு வாரேனுங்க, இவ்வளவுதான் உனக்கும் எனக்கும் பேச்சு. அப்பத்தான் ஆத்தோரத்துத் தென்னந்தோப்பை ஒரு கம்பெனி வாங்கி, ஆனைமலைக்குச் சாமி கும்பிட வாரவங்களுக்கும் ஆழியாறு பாக்க வாரவங்களுக்கும் லாட்ஜ் கட்டறோம்னு சொன்னாங்க. லாட்ஜோட சேர்த்து உள்ளயே ஒரு மனமகிழ் மன்றம். சீட்டுக்குத் தனி ஹால், வெளிநாட்டுல இருக்கற மாதிரி சக்கரம் சுத்தற ஆட்டமெல்லாம் வரும்னு பேச்சு. பஞ்சாயத்துத் தீர்மானம் ஒண்ணு இருந்தாப் போதும், மேல பாத்துக்குவோம்னு தலைவரைச் சுத்திக்கிட்டு இருந்தாங்க. ஆரு கேட்டுத் தீர்மானம், ஊரைக் கூட்டி ஓட்டுக்கு வுடுங்கன்னு மொதல்ல கேட்டது ராவுத்தர். ரெண்டாவது நான். எனக்கு அந்த மாடிப்படியோட வாசம் தெரியும். நம்ம ஊர்ல ஒருத்தனும் அதுல ஏறக்கூடாதுன்னு தோணுச்சு.

அந்த ரெண்டு மாசத்தை நான் மறக்க மாட்டேன் கண்ணு. கிராம சபையைக் கூட்டோணும்னு மனு எழுதறதுக்கு ஆள் தேடினப்ப, நீயா வந்து பேனாவை எடுத்தே. உன்ற கையெழுத்து முத்து முத்தா இருக்கும், தலைவரே படிச்சுப்போட்டு இது யாருங்க எழுதினதுன்னு கேட்டாரு. பொழுதோட வேலை முடிஞ்சதும் நீ, நான், ராவுத்தர் மூணு பேரும் ஊடு ஊடாப் போவோம். ராவுத்தர் வாசல்ல நின்னு ஏனுங்கன்னு கூப்புடுவாரு, நான் பேசுவேன், நீ கையெழுத்து வாங்குவே. நான் ஆடினதை, களத்துல பொய் சொன்னதை, உங்கம்மாவுக்குப் பொறந்த ஊட்டுல குடுத்த வெள்ளாமைக் காட்டைத் தோத்ததை எல்லாம் சொல்லுவேன். மொதநா சொல்லறப்ப நாக்கு ஒட்டிக்குச்சு. நாலு ஊடு தாண்டினதும் பழகிப்போச்சு. எந்த எடத்துல நிறுத்தினா கேக்கறவங்க உச்சுக் கொட்டுவாங்க, எந்த எடத்துல பொம்பளைங்க சேலையை வாயில வெப்பாங்கன்னு தெரிஞ்சுபோச்சு. அதுலயே எனக்கு ஒரு ருசி விழுந்திருக்கு, அப்ப நான் கவனிக்கல. நீ கவனிச்சே. ஒருநா வார வழியில, ராவுத்தர் முன்னால போனதுக்கு அப்பறம், மெதுவாச் சொன்னே.

"அப்பா, நீங்க என்ன வேணும்னாலும் சொல்லுங்க. என்னையப் பத்தி மட்டும் வேண்டாமுங்க."

சரி கண்ணுன்னேன். உங்கம்மா மேல ஆணையா சரின்னேன். அன்னைக்குத்தான் பல வருசம் கழிச்சு நீ எனக்கு எதுத்தாப்புல உக்காந்து சாப்பிட்டே. ரசத்துல உப்பு எச்சுன்னு நீ சொன்னே, நான் வெச்ச ரசம் அது, ரெண்டு பேரும் சிரிச்சோம். நீ என்னைய மன்னிச்சுப்போட்டேன்னு நானா நெனச்சுக்கிட்டேன். நெசமாவும் மன்னிச்சியோ என்னமோ, இப்பக் கேக்கறதுக்கு எனக்கு வாய் இல்ல.

கிராம சபை பள்ளிக்கூட மைதானத்துல கூடுச்சு. சீட்டு எழுதிப் பெட்டியில போடலாம்னு தலைவர் சொன்னாரு. வேண்டாமுங்க, கை தூக்கட்டும், பொண்டாட்டி பாக்கறப்ப எவன் சூதாட்டத்துக்குக் கை தூக்குவான்னு சொன்னது நான். பெரிய சாமர்த்தியம்னு எனக்கே என்னையப் பத்தி நெனப்பு. கம்பெனிக்காரங்க சார்புல ஒருத்தரு வெள்ளைச் சட்டை போட்டுக்கிட்டு வந்து மரியாதையாப் பேசினாரு. தோட்ட வேலை, சமையல் வேலை, காவல் வேலை, எல்லாம் உள்ளூர் ஆளுங்களுக்கேன்னாரு. நான் எந்திரிச்சு என்ற கதையை ஆரம்பிச்சேன். பாதியில, எங்க களத்துல தேங்கா உரிக்கற ஆளு ஒருத்தன் எந்திரிச்சான். கையெல்லாம் காப்புக் காச்சுப்போனவன், என்ற கிட்ட மரியாதை தவறி ஒரு வார்த்தை பேசினதில்ல.

"மேஸ்திரிங்க, உங்க கை அடங்கல, நீங்க ஆடினீங்க. என்ற புள்ளைக ரெண்டும் பாலில்லாத வரக்காப்பியக் குடிச்சுப்போட்டுப் பள்ளிக்கூடம் போகுதுங்க. நீங்க தோத்ததுக்கு எங்களுக்கு ஏனுங்க வேலை இல்லாமப் போகோணும்?"

கூட்டத்துல ஒரு சலசலப்பு. உரிக்கறவங்க, காய் போடறவங்க எல்லாம் அவன் பக்கம் திரும்பினாங்க. அவன் கேட்டதுல நாயம் இருந்துச்சு. தெரியலையப்பா, வா உக்காந்து பேசலாம்னு நான் சொல்லியிருக்கோணும். அந்த வேலைக்கு வேற என்ன வழின்னு ஊரையே கேட்டிருக்கோணும். தோத்தா தோத்துப்போட்டுப் போயிருக்கோணும். ஆனா சீட்டாடினவனுக்குத் தோக்கறப்பத்தான் கண்ணு மறைக்கும். கையில இன்னும் எறக்காத சீட்டு ஒண்ணு இருக்குன்னு தெரிஞ்சா வெரல் சும்மா இருக்காது. நான் எறக்கிப்போட்டேன். என்ற பொண்ணு மருந்து குடிச்சாளுங்க, மஞ்சக்காமாலை இல்லீங்க, அதோ உக்காந்திருக்கா பாருங்கன்னு உன்ற பக்கம் கையை நீட்டிச் சொல்லிப்போட்டேன்.

மொதல்ல உன்ற நகையை வெச்சு ஆடினேன். ரெண்டாவது தடவை உன்னையவே வெச்சு ஆடினேன். ரெண்டாவது தடவை ஜெயிச்சேன். பொம்பளைங்க அழுதாங்க, ஆம்பளைங்க தலையைக் குனிஞ்சுக்கிட்டாங்க, அந்தத் தேங்கா உரிக்கறவன்கூட கண்ணைத் தொடச்சுக்கிட்டு உக்காந்தான். கிளப்பு வேண்டாம்ங்கறவங்க கை தூக்குங்கன்னு தலைவர் சொன்னாரு. மைதானமே தூக்குச்சு. நான் பொம்பளைங்க பக்கம் பாத்தேன். அத்தனை கைக்கு நடுவுல உன்ற கை மட்டும் மடியில கெடந்துச்சு. நீ என்னையப் பாக்கல, தரையைப் பாத்துக்கிட்டு இருந்தே. என்னைய மாலை போட்டுத் தூக்கினாங்க. ராவுத்தர் மட்டும் பக்கத்துல வந்து, அதை ஏனுங்க சொன்னீங்கன்னு கேட்டாரு. எனக்கு அப்பக்கூட அது உறைக்கல.

நீ ஊட்டுக்கு வந்து எனக்குச் சோறு போட்டே. நீ கத்துவேன்னு எதிர்பாத்தேன், நீ அழுவேன்னு எதிர்பாத்தேன். சாப்பிடுங்கன்னு மட்டும் சொன்னே. நீ ஒரு தடவையாவது அந்த 'ங்க'வை உட்டுட்டு என்னையப் பேசியிருக்கலாம். மறுநாள்ல இருந்து ஊரு உன்னையச் சும்மா உடல. தெரியாதவங்க எல்லாம் வந்து உன்ற கன்னத்தைத் தடவி அழுதாங்க. பஸ்ஸுல எடம் குடுத்தாங்க. பால்வாடிக்கு வார ஒரு தாயி, கோவமா இல்ல, பாவமாத்தான், டீச்சர் புள்ளைக்கு எதுக்குங்க இந்தத் தொந்தரவு, மனசு நல்லா ஆகட்டும்னு சொல்லிப்போட்டுத் தன்ற குழந்தையைத் தூக்கிக்கிட்டுப் போனா. நீ ஒரு பை எடுத்துக்கிட்டு, காந்திபுரத்துல ஹாஸ்டல்ல எடம் கெடச்சிருக்குங்க, போயிட்டு வாரேனுங்கன்னு சொன்னே. வாரேன்னுதான் சொன்னே. ரெண்டு வருசம் ஆச்சு. ரெண்டு தடவை காந்திபுரம் வந்து உன்ற ஹாஸ்டலுக்கு எதுத்த பேக்கரியில நின்னேன். நீ சிரிச்சுக்கிட்டு யார் கூடவோ வந்தே. அந்தச் சிரிப்பைக் கெடுக்கறதுக்கு மனசு வராம டவுன் பஸ் ஏறி வந்துட்டேன்.

புத்தி சொல்ற யோக்கியதை எனக்கு இல்ல. ஆனாலும் அப்பன், ரெண்டு வார்த்தை கேட்டுக்கோ. உன்ற புருசன்கிட்ட நீ பட்டதைச் சொல்லோணும்னு தோணுச்சுன்னா சொல்லு, தோணலைன்னா சாகற வரைக்கும் சொல்லாதே, அது ஏமாத்தறது ஆகாது. உன்ற கட்டை வேகற வரைக்கும் அது உன்னுது, அதை எடுத்துக் குடுக்கறதும் வெச்சுக்கறதும் உன்ற இஷ்டம். அப்பறம், ஊட்டுக்காரர் என்னைக்காவது காரணமில்லாம ரொம்பச் சந்தோசமா, கை நெறையா அல்வாவும் பூவும் வாங்கிக்கிட்டு வந்தாருன்னா, எங்க இருந்து வாரீங்கன்னு கேளு. தோத்துட்டு வாரவனை மூஞ்சியிலயே கண்டுபுடிச்சுப்போடலாம். ஜெயிச்சுட்டு வாரவனை உங்கம்மாவால கண்டுபுடிக்க முடியல. மத்தபடி நீ சமைக்கறது, பேசறது, கோவிச்சுக்கறது எல்லாம் அவ மாதிரிதான், அதுக்கு நான் என்ன சொல்லித்தர முடியும்.

இனி நான் பண்ணினதைச் சொல்லிப்போடறேன். போன வாரம் காந்தி ஜெயந்திக்குக் கிராம சபை கூடுச்சு. தெருவிளக்கு, தண்ணிக் குழாய்னு பேசி முடிச்சதும் நான் எந்திரிச்சேன். அன்னைக்கு என்ற பொண்ணைப் பத்திச் சொன்னது பொய்யுங்கன்னு சொன்னேன். கூட்டம் நம்மளுக்கு எதிராத் திரும்புதுன்னு தெரிஞ்சதும் நானாக் கட்டிச் சொன்ன கதை, அவளுக்கு வந்தது மஞ்சக்காமாலைதானுங்க, அவங்கம்மா கீழாநெல்லி அரைச்சதை நீங்களே பாத்தீங்களேன்னு சொன்னேன். அப்பறம் உன்ற பால்வாடிக்குக் குழந்தையை அனுப்பாத அந்தத் தாயி எந்திரிச்சு, பெத்த புள்ளை மேல இப்படிப் பழி போட எப்படீங்க மனசு வந்துச்சு, அந்தப் பொண்ணு தலைகுனிஞ்சு ஊரை உட்டே போனாளேன்னு அழுதுக்கிட்டே கேட்டா. இன்னொரு அம்மா என்ற பக்கம் காறித் துப்பினா. ஆனா எனக்கு உள்ளுக்குள்ள ஒரு பாரம் எறங்குச்சு கண்ணு. அத்தனை பேரும் உன்ற பக்கம் நின்னாங்க.

கம்பெனி ஆளுங்க அதை உடல. பொய் சொல்லி வாங்கின ஓட்டு செல்லாதுன்னு மறுநாளே மனுக் குடுத்துப்போட்டாங்க. தலைவர் என்னையக் கூப்புட்டு, அன்னைக்குச் சொன்னது பொய்னு எழுதிக் குடுக்கறீங்களான்னு கேட்டாரு. யோசிச்சுச் சொல்லுங்க, எழுதிக் குடுத்தா அந்தத் தீர்மானம் நிக்காதுன்னு அவரே தணிஞ்ச குரல்ல சொன்னாரு. எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுத்துட்டேன். குடியரசு தினத்துக்கு மறுபடியும் கை தூக்கச் சொல்லப் போறாங்க. இந்தத் தடவை நான் பேச எந்திரிச்சா ஒருத்தரும் கேக்கமாட்டாங்க. கிளப்பு வந்துபோடும்னுதான் நெனைக்கறேன். ரெண்டு மாசம் ஊடு ஊடா நாம நடந்தது, நீ எழுதின மனு, எல்லாம் போச்சு. நான் இந்த ஊருக்குப் பண்ணின ஒரே நல்ல காரியம் அது. அது போறது எனக்கு வருத்தந்தான், உங்கிட்ட மறைக்கல.

ராவுத்தர் இப்பப் பேசறதில்ல. கூட்டம் முடிஞ்சு வாரப்ப, உங்க கூட ரெண்டு மாசம் நடந்தேனுங்களே, எங்கிட்டயாவது நெசம் சொல்லியிருக்கக் கூடாதாங்கன்னு கேட்டாரு. நாக்கு நுனி வரைக்கும் வந்துச்சு. அவருகிட்ட மட்டும் சொன்னா என்னன்னு தோணுச்சு, நல்ல மனுசன், எங்கயும் போகாது. அப்படித்தான் எல்லாம் ஆரம்பிக்கும்னு வாயை மூடிக்கிட்டேன். தப்புத்தானுங்கன்னு மட்டும் சொன்னேன். அவரு சைக்கிளைத் தள்ளிக்கிட்டுப் போயிட்டாரு.

பத்திரிகை அப்படியே இருக்கட்டும். நான் கல்யாணத்துக்கு வரல, காரமடைப் பக்கமே திரும்பிப் பாக்க மாட்டேன். ஆனா மாப்பிள்ளை ஊட்டுக்காரங்க எப்பவாவது இந்த ஊருக்கு வந்து வெசாரிச்சா இனிப் பயப்படாதே. தங்கமான பொண்ணுங்க, அப்பன்தான் வெக்கங்கெட்ட பொய்க்காரன்னு ஊரே சொல்லும். நீயும் ஒருநா புருசனோட, குழந்தையோட நம்ம ஊர் பஸ்ஸுல வந்து எறங்குவே. ஆளாளுக்கு உன்ற கையைப் புடிச்சு, உங்கப்பன் உன்னையப் பத்தி எப்படி எல்லாம் பேசினான்னு தெரியுமான்னு என்னையத் திட்டுவாங்க. மனசு எளகி, இல்லீங்க அப்பா சொன்னது நெசந்தானுங்கன்னு சொல்லிப்போடாதே. அவங்களோட சேர்ந்து நீயும் என்னையத் திட்டிப்போடு, கண்ணு.

அப்பா